தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால், மதுரைப் பக்கம் பல பட்டறைகளில் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வை, கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்ற நினைப்புதான். உசிலம்பட்டி, பேரையூர்ப் பிள்ளைகள் ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவுக்கு மெக்கானிக்காகப் போனால், முதலில் மறக்கவேண்டியது இந்தக் கைப்பழக்கத்தை.

ராணுவ லாரி ராஜஸ்தானின் 50 டிகிரி வெயிலிலும் ஓடவேண்டும், லடாக்கின் மைனஸ் 30 குளிரிலும் ஓடவேண்டும். கேபின் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் அதே கூலண்ட் நீர்தான் அதற்குள்ளும் போகிறது. சுமார் 80 டிகிரி வரும்வரை தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும். அதை எடுத்துவிட்டால் குளிர்நாட்டில் எஞ்சின் சூடேறாது. டீசல் முழுதாக எரியாமல் பிஸ்டன் ரிங் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஹீட்டரிலிருந்து வெறும் காற்றுதான் வரும். வெயில் ஊரிலும் லாபமில்லை. தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழி) மூடும்படி அமைந்த எஞ்சின்களில், அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது. ஹீட் கூடத்தான் செய்யும்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். டிஸ்டில்டு வாட்டரும், உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. குளிர் அதிகம் என்று தனிக் கிளைக்காலை ஊற்றுவது பெரிய தவறு. அது மைனஸ் 13-லேயே உறையத் தொடங்கும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும். கலவையின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பாருங்கள்.

லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கவேண்டும். அழுத்தம் நின்றால்தான் கொதிநிலை உயரும். காற்றும் மெலிந்திருப்பதால், அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குளிர்ச்சி குறையும். இவ்வளவு குளிரில் வண்டி எப்படி ஹீட் ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கவச வண்டிகள் வேறு வகை. காலாட்படையை ஏற்றிச்செல்லும் பிஎம்பி-2-இல் ரேடியேட்டருக்கு ஃபேனே கிடையாது. சீறி வெளியேறும் எஞ்சின் புகைதான் வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்கிறது. பெல்ட் அறும் கவலை இல்லாத அருமையான ஏற்பாடு. ஆனால் கசியும் ஆயிலோடு புழுதி சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் துடுப்புகளில் அப்பிக்கொண்டால் காற்றிழுவை செத்துவிடும். காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து, துடுப்பு மடங்காத அளவு மெதுவான அழுத்தத்தில் கழுவவேண்டும். கடுங்குளிரில் ஸ்டார்ட்டரைத் தொடுமுன் ப்ரீஹீட்டரைப் போடவேண்டும். சிறு பர்னரில் டீசல் எரிந்து கூலண்ட்டைச் சூடாக்கும், அது எஞ்சினைச் சூடாக்கும். பொறுமையில்லாமல் ஸ்டார்ட் செய்தால், குளிரில் பாதி பலம் இழந்த பேட்டரி மொத்தமாக இறங்கிவிடும்.

அதிகம் வரும் புகார், எஞ்சின் சூடாக இருக்கிறது, ஹீட்டர் சில்லென்று இருக்கிறது என்பதுதான். பெரும்பாலும் கூலண்ட் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். வண்டியின் முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டர் டேப்பை முழுக்கத் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கூலண்ட்டை மெதுவாக ஊற்றவேண்டும். ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி மூடியைப் போடவேண்டும். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் மறுபடி மட்டம் பார்க்கவேண்டும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் ஹோஸ் கல்லாக இறுகினாலோ எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும்.