கொருக்குப்பேட்டையிலிருந்து கிரிமினாலஜி வரை

2022இல் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. கிரிமினாலஜி (குற்றவியல்) சேரப்போகிறேன் என்றதும் தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "வக்கீலுக்கா, போலீஸுக்கா?" இரண்டும் இல்லையென்றால் அப்புறம் எதுக்கும்மா என்றார் அப்பா. ஹார்பரில் லோடு ஏற்றும் வேலை அவருக்கு. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. என் மனதில் இருந்ததெல்லாம் ஒரு ராத்திரிதான்.

அண்ணன் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும் வழியில் ரோந்து போலீஸ் நிறுத்தி, வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வடசென்னையின் கொருக்குப்பேட்டை என்றதும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, விடிகாலையில் அனுப்பினார்கள். வழக்கு எதுவும் இல்லை. அம்மா விடியும்வரை ஸ்டேஷன் வாசலிலேயே நின்றாள். எதற்காகக் கூட்டிவந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது என எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன்.

சேர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாட முடியாது. அதற்கு மேலே மூன்று வருடம் எல்.எல்.பி. படிக்க வேண்டும். எஸ்.ஐ. தேர்வுக்கோ ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும். ஆகவே அந்த இரண்டுக்காக மட்டும் இதில் சேர வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கைரேகை, டி.என்.ஏ. ஆசையில் வந்தவர்கள். எங்கள் பாடத்திட்டத்தில் தடயவியல் ஒரே ஒரு பேப்பர்தான். மற்றதெல்லாம் சமூகவியல், உளவியல், சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டவர் பற்றிய விக்டிமாலஜி, ஆய்வு முறை, புள்ளியியல். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். "கைடை மூடி வைம்மா, பேர் ஆக்ட் வாங்கி ஒவ்வொரு வரியா படி" என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். பேர் ஆக்ட் என்றால் விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம். ஒரு பிரிவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனாலும் அதுதான் என்னைக் கரை சேர்த்தது.

என்னை உலுக்கியது தியரி பேப்பர். ஷா, மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோ சிறார் நீதிமன்றத்தின் பல ஆண்டுப் பதிவுகளை எடுத்து வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய பழைய குடியிருப்புகளில் ஒரு நாட்டுக்காரர்கள் காலி செய்து போக, வேறு நாட்டுக்காரர்கள் வந்து குடியேறினார்கள். ஆள் மாறியும் அந்த இடங்களில் குற்ற விகிதம் குறையவில்லை. அப்படியென்றால் காரணம் அந்த மனிதர்களின் ரத்தத்தில் இல்லை. வாடகை, வேலை, பள்ளிக்கூடம், சிதறிப்போன அக்கம்பக்கம் என்று அந்த இடத்தின் நிலைமையில் இருக்கிறது. அன்று மாலை எங்கள் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போவதற்காக நிற்கும்போது, சுற்றி நின்ற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்று பதிவு செய்து, கைரேகை எடுத்து வைத்தார்கள். 1952இல்தான் அது முழுதாக ஒழிந்தது. கைரேகை என்று மேடம் சொன்னதும் எனக்கு அண்ணன் ஞாபகம். வகுப்பில் அழுதுவிட்டேன்.

இரண்டாம் வருடம் புழல் சிறைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. மனு போட்டு உள்ளே இருப்பவரைப் பார்க்க வந்து காத்திருந்த அம்மாக்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள். ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி (பிணையாள் உத்தரவாதம்) கொடுக்க ஆளில்லாமல் மகன் உள்ளேயே இருக்கிறான் என்று ஒரு அம்மா சொன்னார். ஜாமீன் உத்தரவு வந்தால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏழைக்கு அதற்குப் பிறகும் ஒரு கதவு இருக்கிறது.

மூன்றாம் வருடம் தொடங்கும் நேரத்தில், 2024 ஜூலை 1 அன்று, நாட்டின் மூன்று முக்கியக் குற்றவியல் சட்டங்களும் மாறின. இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. போய் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தது; 511 பிரிவு 358 ஆனது. கொலைக்கு 302 இருந்த இடத்தில் 103. குற்ற நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ். வந்ததில், எஃப்.ஐ.ஆருக்கு 154 இருந்த இடத்தில் 173. 420 என்பது 318 ஆகிவிட்டது என்றால் அப்பா நம்பவே இல்லை. படித்தது வீண் என்று வகுப்பில் பலர் சோர்ந்துபோனார்கள். வீண் இல்லை. ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி.தான் பொருந்தும், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். பழைய எண், புதிய எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டினேன். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே பாதி மனப்பாடம். புதிய சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பி.என்.எஸ்.எஸ். 479. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை ஷூரிட்டி இல்லாமல் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது இல்லை. புழல் வாசலில் பார்த்த அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல முடியவில்லையே என்று இன்னும் இருக்கிறது.

2025இல் அரியர் இல்லாமல் முடித்தேன். ரிசல்ட் வந்த அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார், "அன்னைக்கு ராத்திரி நாம என்ன கேட்டிருக்கணும்?"

"இவரைக் கைது பண்ணியிருக்கீங்களான்னு முதல்ல கேட்டிருக்கணும்ப்பா. ஆமான்னா என்ன காரணம்னு சொல்லணும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். கைது இல்லைன்னா, எந்தச் சட்டப்படி உட்கார வெச்சிருக்கீங்கன்னு கேட்கணும்."

அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் உதவி இலவசம் என்பதையும், சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் கீழே சேர்த்து எழுதினேன். மறுநாள் அதை ஜெராக்ஸ் எடுத்து, தன்னோடு லோடு ஏற்றும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.