மனைவியோடு மட்டும் பேசினால் போதாது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போகும்போது கணவரைக் காண்பது அரிது. வயலுக்கோ வாவிக்கோ போயிருப்பார். அல்லது எங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வளவால் போய்விடுவார். தாய்க்குப் புத்திமதி சொல்லிவிட்டுத் திரும்புவதே எங்கள் துறையின் வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி தாயின் கையில் இல்லை. கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்குப் போகும் கூலிக்காசு, அவள் மேல் விழும் அடி, கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர். கர்ப்பிணிக்கென்று தரும் திரிபோஷ என்ற சத்துமாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டினால், முதல் உருண்டை மூத்த பிள்ளைக்குத்தான் போகும். பசித்த பிள்ளை பார்த்திருக்க எந்தத் தாய் தனியே சாப்பிடுவாள்?

வவுணதீவுப் பக்கம் ஒரு வீட்டில், குடும்ப நல உத்தியோகத்தரான மருத்துவிச்சியோடு போயிருந்தபோது கணவர் அகப்பட்டார். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தபடி இருந்தார். கிளினிக் கொப்பியை விரித்து அவர் கையில் கொடுத்தோம். நிறை ஏறுவதைக் குறிக்கும் கட்டங்களில் விரலை வைத்துக்கொண்டே போனவர், “ஏன் மிஸ், இந்தக் கோடு ஏறாமல் நிற்கிறது?” என்று கேட்டார். சாப்பாடு, தூக்கம், வீட்டில் நடக்கும் சண்டை எல்லாவற்றையும் அந்தக் கோட்டை வைத்தே பேசினோம். குடியை அவராகவே சொன்னார். அடுத்த கிளினிக்குக்கு மனைவியைச் சைக்கிளில் ஏற்றி வந்தார்.

எல்லோரும் இப்படி இல்லை. அடி நிற்காத வீட்டில் பேச்சு உதவாது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், சீதன வீடு அவள் பெயரில் இருப்பதும், தாய் அடுத்த வளவில் இருப்பதும் பெரிய காவல். இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்கிறேன். “அவரை உள்ளே போட்டுவிட்டால் பிள்ளைப்பேற்றுக்கு யார் கூட்டிப்போவது?” என்பதே முதற் கேள்வியாக வரும். பாதுகாப்புக் கட்டளை சிறைத்தண்டனை அல்ல, 12 மாதம்வரை வன்முறை செய்யாதபடி அவரைத் தடுக்கும் நீதவானின் கட்டளை, மீறினால்தான் குற்றம் என்று விளக்கியதும் முகம் சற்றுத் தெளியும். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போக வந்தவர்கள் நாங்கள் அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தப் பயத்தில் கர்ப்பத்தையே மறைப்பவர்கள் உண்டு.

கிளினிக் வேலைநாட் காலையில் நடக்கிறது. கூலிக்காரர் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். மாதத்தில் ஒரு மாலையைத் தந்தையருக்கென்று ஒதுக்குங்கள் என்று கூட்டந்தோறும் கேட்டு வருகிறேன். ஒதுக்கும்வரை கேட்பேன்.