தகவல் தந்தவர்

“நீங்க யாரும்மா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று நான் கேட்டது அந்தப் பெண்ணிடமா, அவள் வாய்வழியாகப் பேசிய மாமியாரிடமா? மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் இப்படிக் கேட்கலாமா என்று மருத்துவர் அன்றே கேட்டார். ஏதோ பதில் சொன்னேன். அதில் எனக்கே இப்போது பாதி நம்பிக்கைதான்.

செத்துப்போன அம்மாவின் குரலில் மனைவி “டேய்” என்றதும் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அதுவரை போனிலிருந்து தலை நிமிராத ஆள், செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். “குடிச்சிட்டு வந்து இவ மேல கை ஓங்காத. அவ அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்பு.” அவர் கையைக் கட்டிக்கொண்டு “சரிம்மா” என்றார். நானும் “அவர்தான் ஒத்துக்கிட்டாரே, பொண்ணை விட்டுடுங்க” என்றேன். அவள் மேஜையில் சாய்ந்தாள்.

உடுக்கை அடிக்கும் கோடாங்கியும் இதைத்தானே செய்கிறார்? பேரைக் கேட்பார், குறையைக் கேட்பார், போய்விடுவதாகச் சத்தியம் வாங்குவார். வேப்பிலை அடியும், உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவதும்தான் என்னிடம் இல்லை.

2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இப்படி இன்னொருவர் ‘வந்து’ பேசுவதை ஒரு கோளாறாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் அது விரும்பாமல் வருவதாக இருக்க வேண்டும். அவரவர் சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது. ஆகவே கோயில் கொடையில் அருள் வந்து ஆடுபவர் நோயாளி இல்லை. சரி, வந்திருப்பவரிடம் என்ன பேசுவது? அதற்கு அதில் வழி இல்லை.

நான் கேட்காமல் விட்டிருந்தால் அவர்கள் வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள் என்பது என் வாதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிய 28 பேரை இந்தத் துறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டமே 2017இல்தான் தெளிவாகச் சொன்னது. இந்த வாதத்தைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

மருத்துவர் சொன்னது வேறு. “பொண்டாட்டி சொன்னா கேட்க மாட்டான், செத்தவ சொன்னா கேட்பான். அதை நீங்களும் சேர்ந்து உறுதிப்படுத்திட்டீங்க.” அதுவும் சரிதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குத் தரும் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், நான் மாமியாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என்றாலும், அடிப்பது பற்றி அதற்கு முன் நாங்கள் கேட்டபோதெல்லாம் அவள் “ஒண்ணுமில்லைங்க” என்றுதான் சொன்னாள்.

அம்மா வீட்டுக்குப் போனாள், தேறினாள். 2002இல் வந்த ஓர் ஆய்வும் நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேருக்கு, தனிச் சடங்கு எதுவும் இல்லாமலே நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. ஆதரவான இடத்தில் பயமில்லாமல் இருந்ததே காரணமாகலாம் என்றார்கள். அப்படியானால் என் பேச்சுக்கு இதில் பங்கே இல்லையோ என்னவோ.

மறுபரிசோதனைக்கு வந்தபோது அன்று பேசியது எதுவும் நினைவில்லை என்றாள். மாமியார் அவளுக்காகப் பேசியதைச் சொன்னேன். “அத்தையா? இருந்தவரைக்கும் எனக்காக ஒரு வார்த்தை பேசினதில்லை சார்” என்றாள்.

அடி, குடி எல்லாம் அன்றே கோப்பில் ஏறிவிட்டது. ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தேன். மருத்துவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.