ரிப்பீட் பேப்பரில் தேறினேன்: ஆக்ஸிமீட்டர் கணக்கில் நான் விட்டது இதுதான்

நேற்று சாயங்காலம் முடிவு வந்தது. பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன் ரிப்பீட் பேப்பரில் பி பிளஸ். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன், இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது ஆக்ஸிமீட்டர் கணக்கு, அதாவது விரலில் மாட்டி ஒளியால் இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவியின் கணக்கு. அதே மாதிரி எண்களில் சொல்கிறேன். சிவப்பு ஒளி 660 நானோமீட்டரில் ஏசி (துடிப்போடு ஏறி இறங்கும் சிக்னல்) 0.02, டிசி (நிலையான சிக்னல்) 2.0. அகச்சிவப்பு 940-இல் ஏசி 0.03, டிசி 1.5. நான் அவசரத்தில் 0.02-ஐ 0.03-ஆல் வகுத்து, அதையே ஆர் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள விகிதம்) என்று எடுத்துக்கொண்டேன். சூத்திரப்படி 110-இலிருந்து ஆர்-இன் 25 மடங்கைக் கழித்தால் ஆக்ஸிஜன் அளவு 93.3 விழுக்காடு. நம்பும்படியான எண், அதனால் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொரு ஏசியையும் அதனதன் டிசியால் முதலில் வகுக்க வேண்டும்: 0.01, 0.02. ஆர் 0.5. விடை 97.5.

ஏன் வகுக்கிறோம் என்று புரிந்தால் மறக்காது. தோல், எலும்பு, சிரை இரத்தம் எல்லாம் துடிக்காமல் ஒளியை உறிஞ்சுகின்றன. அதையெல்லாம் தாண்டி வந்து சேரும் நிலையான ஒளிதான் டிசி. தமனி துடிக்கும்போது அதில் ஏறி இறங்கும் பகுதி ஏசி. டிசியால் வகுத்தால்தான் விளக்கின் பிரகாசமும் விரலின் தடிமனும் கணக்கிலிருந்து விலகும். இதைத் தொடங்கிவைத்த ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகிக்கு அந்தத் துடிப்பு முதலில் இடைஞ்சலாகத்தான் இருந்தது. அதையே அளவுகோலாக்கி 1974-இல் அறிவித்தார். படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

மற்றவை:
- ஆர் 1 என்றால் 85 விழுக்காடு. சூத்திரம் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்க இதைப் போட்டுப் பாருங்கள்.
- மெத்ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின் வகை) கூடினால் கருவி காட்டும் அளவு 85 விழுக்காட்டின் பக்கம் இழுக்கும்.
- கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தம் நன்றாக இருப்பது போலவே காட்டும். காரணத்தையும் எழுதுங்கள்: சிவப்பு ஒளியில் அது ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் போலவே தெரியும்.
- பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குச் சிகிச்சை நீல ஒளி, சுமார் 460 நானோமீட்டர்.

குளுக்கோஸை ஏன் இதே போல ஒளியால் எளிதாக அளக்க முடியவில்லை என்ற கேள்வியும் வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது ஏறக்குறைய 90 மில்லிகிராம்தான், ஹீமோகுளோபினைப் போல நிறமும் இல்லை. அண்மை அகச்சிவப்பில் தண்ணீர் அதன் சிக்னலை அமுக்கிவிடுகிறது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்ததையும் எழுதினேன். அப்பா சர்க்கரை நோயாளி. அப்படி ஒரு வாட்ச் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவரிடம் தேர்வு முடிந்த அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரே கணக்கை, டிசி எண்களை மாற்றி மாற்றி நாற்பது தடவை போட்டேன்.