தம்பியின் காலண்டர்

மார்ச் 3, திங்கள்
இன்றும் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். இட்லியைத் தொடவில்லை. 32 வயது, டவுன் சிண்ட்ரோம்; பேச்சில் பத்துப் பதினைந்து சொற்கள்தான், 'வலி' அதில் கிடையாது. காலண்டரைப் புரட்டினால், மோஷன் போய் ஐந்து நாள்.

மார்ச் 5, புதன்
ராத்திரி துணியெல்லாம் தண்ணீராகக் கசிந்திருந்தது. "பேதி, நிக்கிறதுக்கு மாத்திரை வாங்கிட்டு வா" என்றார் அம்மா. நல்லவேளை, முதலில் டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடப்பக்கம் கட்டி கட்டியாக மலம். இறுகிக் கிடப்பதன் ஓரமாக வழிந்து வருவதுதான் அந்தத் தண்ணீராம். மாத்திரை கொடுத்திருந்தால் இன்னும் அடைத்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்
தூக்கம் வரவில்லை. தலையில் அடிக்கிறான் என்றுதான் போன வருடம் ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தைக் கூட்டினார்கள். அதனால் கை நடுங்கியதும், நடுக்கத்தை அடக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ந்தது. அது குடலை மந்தமாக்குமாம். வயிற்று வலிக்கு அடித்துக்கொண்டவனுக்கு வயிற்றைக் கட்டும் மருந்தா கொடுத்தோம்? நாமாக நிறுத்தக் கூடாது. மனநல மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம், அதுவும் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் ரத்தமும் எடுத்தார்கள்.

மார்ச் 10, திங்கள்
மலத்தை இளக்கும் மேக்ரோகால் பொடியைத் தண்ணீரில் கலக்கினால் துப்புகிறான். ஆரஞ்சுச் சாற்றில் கலந்து, சிவப்பு ஸ்ட்ரா போட்டால் குடிக்கிறான். சிவப்புதான் வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் கீரை, வாழைப்பழம் என்கிறார்கள். அடைப்பு இளகாமல், தண்ணீரும் குடிக்காமல் நாரை மட்டும் ஏற்றினால் வயிறு உப்பும் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

மார்ச் 16, ஞாயிறு
வெஸ்டர்ன் டாய்லெட்டில் அவன் கால் தரையில் எட்டுவதில்லை. இத்தனை வருடம் தொங்கவிட்டுக்கொண்டே முக்கியிருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை. அம்மாவின் மணைப்பலகையைக் காலடியில் போட்டேன். காலைச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும். அப்போது பத்து நிமிடம் உட்காரவைக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன். அவனும் ஆண்பிள்ளைதானே.

மார்ச் 23, ஞாயிறு
மலம் எப்படி இருக்கிறது என்பதற்கு எண் போடும் பிரிஸ்டல் அட்டவணையைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியாயிற்று. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 7 என்றால் தண்ணீர், நமக்கு வேண்டியது 3 அல்லது 4. இன்று 4! அண்ணனுக்கு '4' என்று மட்டும் வாட்ஸ்அப் அனுப்பினேன். "யார் அவுட்?" என்று கேட்கிறான்.

கை நடுங்காமலிருக்கக் கொடுக்கும் மருந்தைக் குறைப்பது பற்றி வியாழக்கிழமை பேச வேண்டும். காலண்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.