போசம் தோல் பந்தும் ரஹானேவின் பதக்கமும்

மெல்பர்னில் அக்கா வீட்டுக்கு வந்த மறுநாளே சந்தையில் மகளுக்கு ஒரு பூமராங் வாங்கிக் கொடுத்தேன். உடம்பெல்லாம் வண்ணப் புள்ளிகள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் என்றால் புள்ளிதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

பெடரேஷன் சதுக்கத்தில் இருக்கும் கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற பூர்வகுடிப் பண்பாட்டு மையத்தில் அன்று குழந்தைகளுக்குச் சின்னதாக ஓர் ஓவிய வகுப்பு. நடத்தியவர் வயதான பூர்வகுடிப் பெண்மணி. அவர்களிடமும் மூத்த பெண்களை மரியாதையாக ஆன்ட்டி என்றுதான் அழைக்கிறார்கள். எட்டு வயது மகளுக்கு ஒட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. அவள் காகிதம் முழுக்கப் புள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது பாலைவனத்து மக்களுடையது. இந்தப் பக்கம் நாங்கள் கோடு போடுகிறவர்கள்" என்றார்.

நடு ஆஸ்திரேலியாவில் பாப்புன்யா என்ற ஊரில் 1971இல் தொடங்கிய ஓவிய இயக்கம்தான் புள்ளிகளை உலகமெங்கும் கொண்டு போனது. மெல்பர்ன் இருக்கும் தென்கிழக்கின் கை வேறு. இந்தப் பகுதியின் வுருஞ்சரி பூர்வகுடித் தலைவர் வில்லியம் பராக் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த சடங்குப் படங்களில், மனிதர்கள் போர்த்தியிருக்கும் போசம் (மரத்தில் வாழும் சிறு விலங்கு) தோல் போர்வையெல்லாம் கோடு கோடாக இருக்கும். மகள் புதுக் காகிதம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஓவியத்தில் மனம் ஒட்டாமல் இருந்த பதினொரு வயது மகனை எழுப்பியது ஒரு பந்து. போசம் தோலில் தைத்தது, கைக்குள் அடங்கும். ஆஸ்திரேலியாவில் போசம் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனால் இப்போது போர்வைக்கெல்லாம் தோல் நியூசிலாந்திலிருந்து வருகிறதாம். அந்தப் பந்தை வைத்துப் பூர்வகுடிகள் ஆடிய ஆட்டத்தின் பெயர் மார்ன் குரூக். பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடுமுன் உதைக்க வேண்டும். மற்றவர்கள் எம்பிப் பிடிக்க வேண்டும். சிலர் ஐந்தடி உயரம் எம்பினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

அப்புறம் பிரரங் மார் பூங்கா வழியாக நடந்தோம். அங்கே விலாங்கு மீன் போல வளைந்து போகும் பாதை ஒன்று உண்டு. பிள்ளைகள் அதில் மூன்று தடவை ஓடினார்கள்.

எம்.சி.ஜி. எனும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே டாம் வில்ஸின் சிலை. ஃபுட்டி என்று இங்கே செல்லமாகச் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு விதி எழுதியவர்களில் ஒருவர். சிறுவயதில் பூர்வகுடிப் பிள்ளைகளோடு வளர்ந்து அவர்கள் மொழி பேசியவர். ஃபுட்டி மார்ன் குரூக்கிலிருந்து வந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வந்திருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது. 1866 டிசம்பர் 26 அன்று இதே மைதானத்தில் பூர்வகுடி கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்று ஆடியவரும் அவர்தான்.

அந்த அணியின் ஜானி முல்லாவைப் பற்றி மகனுக்குச் சொன்னேன். உண்மைப் பெயர் உனாரிமின். 1868இல் இங்கிலாந்துக்குப் போன பூர்வகுடி அணி 47 ஆட்டங்கள் ஆடியது. முல்லா மட்டும் 1,698 ரன், 245 விக்கெட். மறு ஆண்டே விக்டோரியாவில் ஒரு சட்டம் வந்தது. பூர்வகுடிகள் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை அரசு வாரியம் முடிவு செய்யத் தொடங்கியது. இதைக் கேட்டதும் அவன் நடையை நிறுத்திவிட்டான். "அவ்வளவு ரன் அடிச்சவரையுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இங்கே டிசம்பர் 26இல் தொடங்கும் பாக்சிங் டே டெஸ்டின் சிறந்த வீரருக்கு 2020 முதல் முல்லா பதக்கம் தருகிறார்கள். 1868 அணி கட்டிய பெல்ட்டின் பக்கிளைப் பார்த்துச் செய்தது. முதன்முதலில் அதை வாங்கியவர் நம் ரஹானே. ரஹானே சதம் அடித்த அந்த ஆட்டத்தை அவன் டிவியில் பார்த்திருக்கிறான். பதக்கத்தின் கதை தெரியாது.

இரவு அக்கா வீட்டில் வரைபடத்தை விரித்து, முல்லாவின் ஊரான ஹாரோ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். மேற்கே வெகு தூரம். மகள் தன் பூமராங்கின் மறுபக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.