முனைவர் பட்டத்துக்குக் கால நீட்டிப்பு: மனநல மருந்து எடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்பவர்கள் கவனத்துக்கு

கால நீட்டிப்பு ஆணை போன வாரம் கைக்கு வந்துவிட்டது. கேட்டது இரண்டு வருடம், முதல் கட்டமாக ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு விட அது போதும். ஆனால் இதை வாங்குவதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எனக்குப் பின்னால் வருகிறவர்களாவது இப்படி அலையக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். கல்லூரி, பல்கலைக்கழகத்தின் பெயர்கள் வேண்டாம்.

எனக்கு ஊர் கூடலூர். இருமுனை மனநிலைப் பாதிப்பு (பைபோலார்) உண்டு: மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். முழுநேர ஆய்வாளராக 2018-ல் சேர்ந்தேன். உண்ணிச்செடி மண்டிய காட்டில் மற்ற செடிகள் என்ன ஆகின்றன என்பது என் ஆய்வு. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. மருத்துவ விடுப்பு போட்டேன். தேறித் திரும்பியபோது அலுவலகத்தில் உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். டாக்டர் "படிப்பைத் தொடரத் தகுதியானவர்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார். விடுப்பு முடிந்து வரும் யாரிடமும் கேட்கிற தாள்தான் அது. பின்னால் எனக்கு வினையாக வந்ததும் அதே தாள்தான்.

என்னைப் போல 2018-ல் சேர்ந்தவர்களுக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிகள்தான் பொருந்தும். அதில் உச்சவரம்பு ஆறு வருடம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம். நவம்பர் 2022-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு: ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, இந்த இரு பிரிவினருக்கு மட்டும் மொத்தம் பத்து வரை. எந்த விதி உங்களுக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் பழையதையும் புதியதையும் கலந்து குழப்புவார்கள்.

ஆறு வருடம் முடியப் போகிறது என்று விண்ணப்பத்தோடு போனேன். எழுத்தர் என் கோப்பைப் புரட்டி அந்தத் தகுதிச் சான்றை வெளியே எடுத்து வைத்தார். "தம்பி, தகுதியா இருக்கேன்னு நீங்கதானே சான்று கொடுத்திருக்கீங்க? இப்ப வந்து நோய்னு சொன்னா எப்படி? பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" சொல்லிவிட்டு, அறையின் மறுகோடியில் இருந்தவரிடம், "அந்த மெண்டல் கேஸ் இன்னொரு கடுதாசி கொடுத்துச்சே, எங்க வச்சீங்க?" என்று கத்தினார். கட்டணம் கட்ட வந்திருந்த இளங்கலை மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அன்றைக்கு வெளியே வந்தவன் பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

அதற்குப் பிறகு மருத்துவக் காகிதம் எதையும் நான் திறந்தபடி கொடுப்பதில்லை. உறையில் போட்டு ஒட்டி, மேலே "ரகசியம் - கல்லூரி முதல்வர் பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தபால் பிரிவில் கொடுக்கிறேன். கூடவே முகப்புக் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை. "சரி, பார்க்கறோம்" என்று வாயால் சொன்னது எதுவும் செல்லாது. எனக்கும் ஒருமுறை அப்படிச் சொன்னார்கள். பிறகு கேட்டால் விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

அப்புறம் யுடிஐடி அட்டை, அதாவது ஊனச் சதவீதத்தைக் காட்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பிப்பது சுலபம், இ-சேவை மையத்திலும் முடித்துக் கொடுப்பார்கள். அலைச்சல் மருத்துவப் பரிசோதனையில்தான். மன நோய்க்கு மனநல மருத்துவரின் மதிப்பீடு வேண்டும். அவரோ மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போகிறவர். நடுவட்டத்தில் மரம் விழுந்து, பேருந்து நின்று நின்று, நனைந்துகொண்டே நான் ஊட்டி போய்ச் சேர்ந்த நாளில் அவர் கூடலூருக்கு இறங்கியிருந்தார். மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து போன் செய்து, மனநல மருத்துவர் எந்தக் கிழமையில் எங்கே இருப்பார் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "டாக்டர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டால் யாராவது ஒரு டாக்டர் எப்போதும் இருப்பார்.

மதிப்பீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். மன நோயால் வரும் ஊனத்தை அளக்கும் ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துக் கேட்கிறார்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்கு பகுதிகளுக்கு மதிப்பெண், அதோடு நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் சேர்த்து மொத்தம் 20. ஏழு வந்தால்தான் 40 சதவீதம். நமக்கு யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிப் பழக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா குறுக்கிட்டார். "இல்ல சார், குளிடான்னா குளிப்பான், சொல்லலைன்னா நாலு நாளானாலும் அப்படியே இருப்பான். சோத்தைப் போட்டு வச்சா சாயங்காலம் வரைக்கும் தட்டுல காஞ்சு கிடக்கும். போன் அடிச்சா எடுக்க மாட்டான்." முப்பது வயதில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதைத்தான் டாக்டர் எழுதிக்கொண்டார். கூடவே இருந்து பார்த்தவர் யாராக இருந்தாலும் சரி, அறைத்தோழராக இருந்தாலும் சரி, கூட்டிப் போங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். நோய் குறைந்தது இரண்டு வருடமாவது இருந்தது தெரிய வேண்டும்.

சான்றில் 40 சதவீதம் என்று வந்தது. தீர்ந்தது என்று நினைத்தேன். பல்கலைக்கழகப் பிரிவில் விரலை வைத்துக் காட்டினார்கள்: விதியில் "40-க்கு மேல்" என்று இருக்கிறது, உங்களுக்குச் சரியாக 40 தானே!

இந்த இடத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியர் இல்லாவிட்டால் நான் விட்டுவிட்டு ஊருக்கே போயிருப்பேன். அழுகிற நிலையில் அவர் முன்னால் நின்றேன். மேடம் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "உட்காருப்பா, சட்டத்தை எடு" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 2(ஆர்): குறிப்பிட்ட அளவு ஊனம் என்றால் 40 சதவீதத்துக்குக் குறையாதது. 40-ம் அதற்குள் வந்துவிடும். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு நியாயமான வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது. இரண்டையும் மேற்கோள் காட்டி ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். ஆய்வில் எவ்வளவு முடிந்திருக்கிறது, எந்த இயல் பாக்கி, எத்தனை மாதம் தேவை என்று மேடம் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். நகல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு என்று அடியில் போட்டு, உண்மையாகவே பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

டாக்டரிடமும் புதுக் கடிதம் வாங்கினேன். இதைக் கவனியுங்கள்: நோயின் பெயரும் "சிகிச்சையில் உள்ளார்" என்பதும் மட்டும் இருந்தால் அந்தக் கடிதத்தால் பயனில்லை. என்ன செய்ய முடியவில்லை என்பது இருக்க வேண்டும். லித்தியம் என்ற மருந்தை எடுப்பதால் கை நடுங்குகிறது, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், இரவு மாத்திரையின் மயக்கம் தெளிய காலை 11 மணி ஆகிறது, நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது, முந்தைய தகுதிச் சான்று அந்த ஒரு கட்டத்திலிருந்து தேறியதை மட்டுமே குறிக்கும் என்று எழுதித் தந்தார். கடைசி வாக்கியம்தான் எழுத்தரின் கேள்விக்குப் பதில். இனி விடுப்பு முடிந்து சேருகிறவர்கள் "மருந்தைத் தொடர்ந்துகொண்டு, உரிய வசதிகளோடு படிப்பைத் தொடரலாம்" என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

சதவீதம் 40-க்குக் கீழே வந்தால் இந்த இரண்டு வருடச் சலுகை கிடைக்காது. ஆனால் எல்லாமே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேர்வில் தனக்காக எழுத ஒருவரை வைத்துக்கொள்ள 40 சதவீதம் கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு.

கடிதம் போன பிறகு அதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, நேர்ல வர வேண்டாம், ஆணையை மெயில்ல அனுப்பிடறோம்." அம்மாவிடம் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் இரவில் மனசு தாங்காமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

என் சான்று தற்காலிகமானது. அதிலேயே மறுமதிப்பீட்டுத் தேதி போட்டிருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள், காலாவதியான சான்றை வைத்துக்கொண்டு அடுத்த நீட்டிப்பு கேட்க முடியாது. அடுத்து முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு, ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அதை விளக்கிப் பேசுவது. காலை 10 மணிக்குப் பதில் மதியம் 2 மணிக்கு வைக்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். மேடம் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்று தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் வாங்கியாயிற்று.